செவ்வியல் நாவல்களின் காம மறுபுனைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஐரோப்பிய நாவல்களைக் காமச் சித்திரிப்போடு திரும்ப எழுதும் நூல்களைப் பல வருடங்களாகத் தேடிப் படித்துவருகிறேன். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலர் ஆர்வத்தில் கேட்டார்கள், சிலர் கோபத்தில். இரு தரப்புக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பேச்சு பெரியவர்களுக்கானது. ஆனால் பச்சையான வர்ணனை எதுவும் இங்கே வராது.

இவை எந்த மாதிரி நூல்கள்?

மூன்று நான்கு விதங்களில் எழுதப்படுகின்றன. மூலநாவலின் வாக்கியங்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுநடுவே உடலுறவுக் காட்சிகளை எழுதிச் சேர்ப்பது ஒன்று. அதே பாத்திரங்களை வைத்து முழுக் கதையையும் புதிதாகச் சொல்வது இன்னொன்று. மூலம் முடிந்த இடத்தில் தொடங்கி, கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைச் சொல்பவை உண்டு. கதைக்கூட்டை மட்டும் எடுத்து இன்றைய காலத்தில் நடப்பதாக எழுதுபவையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கிறோம், அதனால்தான் விவாதத்தில் குழப்பம் வருகிறது. முதல் வகையைப் படித்து வெறுத்தவர் மற்ற மூன்றையும் சேர்த்து வெறுத்துவிடுகிறார்.

‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ என்ற காம நாவல் வந்த பிறகு கிளம்பிய மோகம்தானே இது?

சந்தை அப்போதுதான் பெரிதானது. எழுத்து அதற்கு முன்பே இருந்தது.

1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் ‘பமேலா’ எழுதினார். எஜமானின் தொல்லைக்கு இணங்காமல் கற்பைக் காத்து, கடைசியில் அவனையே மணக்கும் பணிப்பெண்ணின் கதை. அடுத்த ஆண்டே ஹென்றி ஃபீல்டிங் ‘ஷமேலா’ என்று ஒரு பகடி எழுதி, அந்தக் கற்பு முழுவதும் திட்டமிட்ட நாடகம் என்று காட்டினார். ஒரு நாவல் மறைத்ததை இன்னொரு நாவல் திறந்துகாட்டும் பழக்கம், ஆங்கில நாவல் பிறந்த காலத்திலேயே பிறந்துவிட்டது.

நம் காலத்துக்கு வந்தால், ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலை 1995இல் பிபிசி தொடராக எடுத்தது முக்கியமான திருப்பம். குளத்தில் நீந்திவிட்டு ஈரச் சட்டையோடு வரும் நாயகன் டார்சி நாவலில் கிடையாது; திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது. அதுவரை வருமானமும் மௌனமுமாக இருந்த டார்சிக்கு அன்றைக்கு ஓர் உடம்பு வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து லிண்டா பெர்டால், டார்சி, நாயகி எலிசபெத் தம்பதியின் மணவாழ்க்கையைக் கட்டிலோடு சேர்த்துச் சொல்லும் தடிமனான நாவலைத் தானே வெளியிட்டார். 2004இல் அது ‘மிஸ்டர் டார்சி டேக்ஸ் எ வைஃப்’ என்ற பெயரில் மறுபடி வந்து பரவலாக வாசிக்கப்பட்டது.

2009இல் இன்னொரு வழி திறந்தது. ஆஸ்டினின் நாவலுக்குள் நடைப்பிணங்களைப் புகுத்திய ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் அண்ட் ஸாம்பீஸ்’ நன்றாக விற்றது. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு இடையில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், வாசகர்கள் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். 2011இல் அதே நாவலுக்குக் காமக் காட்சிகள் சேர்த்த பதிப்பு ஒன்று அமெரிக்காவில் வந்தது.

‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ அடிப்படையில் ‘ட்வைலைட்’ நாவல்களின் ரசிகர் ஒருவர் எழுதிய ரசிகர் புனைவு, அதாவது பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து வாசகரே எழுதும் கதை. பெயர்களை மாற்றி 2011இல் புத்தகமானது; 2012இல் பெரிய பதிப்பகத்தின் கைக்குப் போய் உலகெங்கும் விற்றது. அந்த ஆண்டு ஜூலையில் டோட்டல்-இ-பவுண்ட் என்ற பிரிட்டிஷ் மின்னூல் பதிப்பகம் ‘கிளாண்டஸ்டைன் கிளாசிக்ஸ்’ என்ற வரிசையை அறிவித்தது. ஆஸ்டின், ஷார்லட் பிரான்ட்டி, கானன் டாயில், ஜூல் வெர்ன் நாவல்களுக்குள் புதிய காட்சிகளை எழுதிச் சேர்த்த வரிசை அது. பத்திரிகைகள் ஆவேசமாக எழுதின. பலருக்கு இப்படி ஒரு வகை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

மின்வாசிப்புக் கருவியும் இதற்குக் காரணம். ரயிலில் பக்கத்தில் இருப்பவருக்கு அட்டை தெரியாது.

ஏன் எப்போது பார்த்தாலும் ஆஸ்டினும் பிரான்ட்டி சகோதரிகளும்தான்?

காப்புரிமை இல்லை என்பதும், கதை எல்லோருக்கும் தெரியும் என்பதும் வெளிப்படையான காரணங்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்த நாவல்களில் தடை வலுவாக இருக்கிறது. சொத்து, குலம், வேலை, ஏற்கெனவே உள்ள மனைவி, சொந்த அகம்பாவம் என்று இருவருக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. காமக் கதைக்குத் தடைதான் விறகு. ஊடலே இல்லாத கூடலை யார் படிப்பார்கள்? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நன்றாக உலர்த்தி அடுக்கிவைத்த விறகு இது. பின்னால் வந்தவர்கள் தீக்குச்சியோடு வருகிறார்கள்.

மூலநாவல்களில் காமமே இல்லையா? இருந்தால் எதற்குச் சேர்க்க வேண்டும்?

இருக்கிறது. நிறைய இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதப்படும் மறுபுனைவுதான் முதலில் தோற்கிறது.

டார்சியின் நண்பன் பிங்லியின் நெதர்ஃபீல்ட் மாளிகையில் காய்ச்சலாகக் கிடக்கும் அக்காவைப் பார்க்க எலிசபெத் மூன்று மைல் சேற்றில் நடந்து வருகிறாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு. உங்களுக்குப் பிடித்த அந்தக் கண்களின் அழகு இதனால் குறைந்திருக்குமே என்று பிங்லியின் சகோதரி டார்சியைக் குத்திப் பார்க்கிறாள். நடந்து வந்ததில் அந்தக் கண்கள் இன்னும் பளபளத்தன என்கிறான் டார்சி. அவ்வளவுதான். வேகமான நடை, ஏறிய மூச்சு, ஒருத்தியின் உடம்பை ஒருவன் கவனித்துவிட்டான் என்ற செய்தி, எல்லாமே ஒரு வரிக்குள் வந்துவிட்டன. சங்கப் பாட்டில் இதை உள்ளுறை என்று படித்துப் பழகிய நமக்கு ஆஸ்டினை வாசிப்பது எளிதாகத்தான் இருக்க வேண்டும்.

‘ஜேன் ஏர்’ (1847) நாவலில் நள்ளிரவில், ஜேன் வேலை பார்க்கும் வீட்டின் எஜமான் ராச்செஸ்டரின் படுக்கை தீப்பற்றி எரிகிறது. ஜேன் தண்ணீரை ஊற்றி அணைக்கிறாள். நனைந்த அறை, இருட்டு, தனியே இரண்டு பேர். போகலாம் என்று சொல்கிறான், ஆனால் அவள் கையை விட மாட்டேன் என்கிறான். பிரான்ட்டி நேரடியாக எழுதியிருந்தால் இவ்வளவு சூடு வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ‘டிராகுலா’வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோட்டையில் மூன்று பெண்களில் ஒருத்தி தன்னை நோக்கிக் குனியும்போது ஹார்க்கர் கண்களைப் பாதி மூடியபடி காத்திருக்கும் பக்கம், 1897இல் எப்படி அச்சேறியது என்று இன்றும் வியக்கிறேன்.

ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஃப்ளோபேரின் ‘மேடம் பொவாரி’யில் வரும் குதிரைவண்டி. காதலனைத் தவிர்த்துவிடுவதென்று முடிவுசெய்து, மறுப்புக் கடிதம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு எம்மா ரூவான் தேவாலயத்துக்கு வருகிறாள். லெயோன் அவளை வாடகை வண்டியில் ஏற்றுகிறான். திரைகள் இறங்குகின்றன. வண்டி ஊரைச் சுற்றுகிறது. வண்டிக்காரன் நிறுத்தப்போகும்போதெல்லாம் உள்ளேயிருந்து ‘போ, போ’ என்று குரல் வருகிறது. மணிக்கணக்காகத் தெருப்பெயர்களும் களைத்த குதிரைகளும்தான் நமக்குக் காட்டப்படுகின்றன. ஒரே ஒருமுறை மஞ்சள் திரைக்கு அடியிலிருந்து வெறும் கை ஒன்று நீண்டு, கிழித்த காகிதத் துண்டுகளை வெளியே எறிகிறது. காற்றில் அவை வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் மாதிரிப் பறந்துபோய் விழுகின்றன. கிழிந்தது அந்த மறுப்புக் கடிதம். 1856இல் நாவலைத் தொடராக வெளியிட்ட பத்திரிகை பயந்துபோய் இந்தக் காட்சியை வெட்டியது. அப்படியும் வழக்கு வந்தது. 1857 பிப்ரவரியில் ஃப்ளோபேர் விடுதலையானார். எதையும் காட்டாத ஒரு காட்சிதான் வெட்டுப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பத்திரிகையாசிரியர்களுக்கும் உள்ளுறை புரிந்திருக்கிறது.

எனவே, ‘பாவம், அந்தக் காலத்தில் எழுத முடியவில்லை, நாம் எழுதிக்கொடுப்போம்’ என்ற நியாயம் பாதிதான் உண்மை. தணிக்கை இருந்தது. ஹார்டியின் ‘டெஸ்’ 1891இல் ‘கிராஃபிக்’ வார இதழில் வந்தபோது, வெள்ளம் சூழ்ந்த பாதையில் ஏஞ்சல் கிளேர் பால்காரப் பெண்களைக் கைகளில் தூக்கிச் செல்வதைக்கூட இதழ் ஏற்கவில்லை. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவதாக மாற்றிக் கொடுக்கவேண்டியிருந்தது. புத்தகமாக வந்தபோது ஹார்டி தள்ளுவண்டியை எடுத்துவிட்டார். வேண்டியதைத் திருப்பி எழுதிக்கொள்ள அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் கலைஞர்கள் விட்ட இடங்கள் எல்லாம் பயத்தால் விட்டவை அல்ல. சில இடங்களை வேண்டுமென்றே விட்டார்கள். எது எந்த ரகம் என்று பிரித்தறிவதுதான் மறுபுனைவாளரின் முதல் வேலை.

காட்சிகளைச் சேர்த்தால் கதைக்கு என்ன கெட்டுவிடும்? பிடிக்காதவர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாமே?

தாண்டிப் போக முடிகிறது என்பதுதான் சிக்கலே. பழைய நூல்களில் பின்னால் யாரோ எழுதிச் சேர்த்த பாட்டை நாம் இடைச்செருகல் என்கிறோம். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எடுத்துவிட்டாலும் முன்னும் பின்னும் குறையில்லாமல் ஓடுகிறது என்பது ஓர் அடையாளம். அந்தப் பாட்டில் நடப்பது அடுத்த பாட்டில் யாருக்கும் நினைவில்லை என்பது இன்னொன்று. காமக் காட்சிகள் சேர்த்த பெரும்பாலான பதிப்புகளுக்கு இந்த இரண்டும் பொருந்துகின்றன.

எலிசபெத்தையே எடுத்துக்கொள்வோம். அவள் நெதர்ஃபீல்டில் தங்கியிருக்கும்போதே டார்சியோடு கூடிவிட்டதாக ஓர் இரவைச் சேர்க்கிறீர்கள். மறுநாள் காலை, மூலத்தின் வாக்கியம் அப்படியே தொடர்கிறது. அவன்மேல் அவளுக்கு அதே அலட்சியம். ஹன்ஸ்ஃபோர்டில் அவன் காதலைச் சொல்லும்போது அவள் திகைக்கிறாள். எதற்குத் திகைக்க வேண்டும்?

இதைவிடப் பெரிய சேதம் பின்னால் நடக்கிறது. தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போன செய்தி வரும்போது எலிசபெத் நொறுங்கிப்போகிறாள். கல்யாணமாகாத ஒரு பெண் ஒருவனோடு தங்கிவிட்டால் அக்கா தங்கை அத்தனை பேரின் வாழ்க்கையும் முடிந்தது என்பதுதான் அந்த உலகத்தின் சட்டம். நாவலின் கடைசிப் பகுதி அந்தப் பயத்தின்மேல்தான் நிற்கிறது. தானே முப்பது அத்தியாயங்களுக்கு முன் அதைச் செய்துவிட்டு இப்போது அழும் எலிசபெத் யார்? பொய் சொல்கிறாளா? தனக்கொரு நியாயம், தங்கைக்கொரு நியாயமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒருவர் எழுதினால் அது அற்புதமான நாவலாக வரும். லிடியாவின் செய்தி கேட்டதும் அவளுக்கு வரும் நடுக்கத்தில் பாதி, தான் மாட்டிக்கொள்ளவில்லை என்ற குற்றவுணர்வாக இருந்தால்! ஆனால் செருகுபவர் அதை எழுதுவதில்லை. இரவை எழுதுகிறார், காலையை எழுத மறந்துவிடுகிறார்.

‘ஜேன் ஏர்’ இன்னும் கடினம். ராச்செஸ்டருக்கு மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும், அவனுடைய ஆசைநாயகியாக இருக்க மறுத்து ஜேன் வெளியேறுகிறாள். சோறும் கூரையும் இல்லாமல் அலைகிறாள். அந்த மறுப்பின் விலை என்ன என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அவள் திரும்பி வரும்போது நெஞ்சு அடைக்கிறது. அதற்கு முன்பே நான்கைந்து இரவுகளைக் கொடுத்துவிட்டால், அவள் எதை மறுத்துவிட்டுப் போனாள் என்பதைப் புதிதாக யோசிக்க வேண்டும். யோசித்து எழுதினால் தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்படியென்றால் நல்ல மறுபுனைவு என்று எதைச் சொல்வீர்கள்?

அந்த இரவுக்குப் பிறகு கதை மாறவேண்டும். என்னுடைய உரைகல் இது ஒன்றுதான்.

பெர்டாலின் நாவலில் மொழி சில இடங்களில் அளவுக்கு மீறிப் பூசியது போல இருக்கும். ஆனாலும் அவர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்: மூலம் முடிந்த பிறகு தொடங்கினார். ஆஸ்டின் கட்டிய தடைகள் எல்லாம் தம் வேலையைச் செய்து முடித்தாகிவிட்டது. இப்போது எஞ்சியிருப்பது, இவ்வளவு பேசத் தெரிந்த இரண்டு பேருக்குத் தொடத் தெரியுமா என்ற கேள்வி. ஆஸ்டின் அதை எழுதவில்லை. எனவே இடிக்கவேண்டிய சுவர் எதுவும் இல்லை.

ஆன் ஹெரண்டீன் 2010இல் எழுதிய ‘பிரைட்/ப்ரெஜுடிஸ்’ துணிச்சலான வேறொரு வழி. டார்சியும் பிங்லியும் காதலர்கள் என்று வைத்துக்கொள்கிறார். உடனே மூலத்தில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று எழுந்து நிற்கிறது: எலிசபெத்தின் அக்கா ஜேன் பென்னட்டிடமிருந்து பிங்லியைப் பிரிக்க டார்சி ஏன் அவ்வளவு பாடுபட்டான்? குலப்பெருமை என்பது ஆஸ்டின் தரும் பதில். பொறாமை என்பது இந்த நாவல் தரும் பதில். ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் திரும்பப் போய் மூலத்தைப் படிக்கும்போது அந்த அத்தியாயங்கள் நமக்கு வேறாகத் தெரிகின்றன. மறுபுனைவு அதைச் செய்துவிட்டால் போதும்.

காம நூல் இல்லையென்றாலும் ஜீன் ரைஸின் ‘வைட் சர்காஸோ ஸீ’ (1966) நாவலை இங்கே சொல்லியாகவேண்டும். ராச்செஸ்டர் மாடியில் அடைத்துவைத்த மனைவியின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் கதை அது. மேற்கிந்தியத் தீவில் கழியும் அவர்களுடைய தேனிலவில் ஆசையும் வெறுப்பும் பிரிக்க முடியாமல் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. காமத்தைக் கொண்டு ஒரு மூலநூலை விசாரிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் காதலிப்பதாக எழுதுவது மூலத்தைத் திரிப்பதாகாதா?

ஷெர்லாக் ஹோம்ஸும் வாட்சனும் ஒரே வீட்டில் தங்கியதைப் பற்றி நூறு ஆண்டுகளாக வாசகர்கள் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விக்டோரியா கால இங்கிலாந்தில் இரண்டு ஆண்களுக்கு அப்படி ஓர் உறவு இருந்தாலே சிறைக்குப் போகலாம். ஆஸ்கர் வைல்ட் 1895இல் போனார். எழுத முடியாமல் போனதற்கு நிஜமான காரணம் இருந்த இடம் இது. எனவே மறுபுனைவுக்கு மற்ற எல்லா இடங்களையும்விட இங்கே உரிமை அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்த மரபு வளர்ந்ததும் புத்தகக் கடைகளில் அல்ல. 1970களில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகள், ரசிகர் சிற்றிதழ்களில் அதன் நாயகர்கள் கர்க், ஸ்போக் இருவரின் காதலை எழுதினார்கள். இரு பெயர்களுக்கும் நடுவே போட்ட சாய்கோட்டால் அந்த வகைக்கே ‘ஸ்லாஷ்’ என்று பெயர் வந்தது. எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள்.

பழைய நாவல்களில் வற்புறுத்தல், எஜமான் அதிகாரம் எல்லாம் இருக்கிறதே. அதையும் காமக் காட்சியாக்குவது சரியா?

எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இது. ராச்செஸ்டருக்கு நாற்பதை நெருங்கும் வயது, ஜேனுக்குப் பதினெட்டு. சம்பளம் கொடுப்பவன் அவன். ‘டெஸ்’ நாவலில் இரவுக் காட்டில் அலெக் டெஸ்ஸைச் சீரழிக்கும் இடத்தை ஹார்டி மூடுபனிக்குள் வைத்தார். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெளிவு. அந்த இடத்தை வாசகருக்கு இன்பம் தரும் காட்சியாக மாற்றி எழுதுபவர் டெஸ்ஸுக்கு இரண்டாவது முறை துரோகம் செய்கிறார். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அதிகாரத்தைப் பற்றியே எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. இருவரும் தெரிந்து, விரும்பி, அதிகாரத்தை ஒரு விளையாட்டாக ஆடுவது வேறு. ஒருத்திக்கு வேறு வழியில்லாததைக் காதல் என்று அழைப்பது வேறு. ஜேனைப் பற்றி எழுதுபவருக்கு ஆறுதலான செய்தி, மூலத்திலேயே அவள் வாயுள்ளவள். ‘நானும் உங்களுக்குச் சமம்’ என்று ராச்செஸ்டரின் முகத்துக்கு நேரே பேசுபவள். அந்தக் குரலைக் கட்டிலிலும் பேசவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஏனோ பல நூல்களில் ஆடையோடு சேர்த்து அவள் குரலையும் களைந்துவிடுகிறார்கள்.

ரசிகர் புனைவுத் தளங்கள் இந்த விஷயத்தில் பதிப்பகங்களைவிட நேர்மையானவை. ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில் கதையோடு சேர்த்தே வயதுத் தரமும் எச்சரிக்கையும் இருக்கும். என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போகலாம். அச்சு நூலின் பின்னட்டையில் அப்படி ஒரு வரியைத் தேடி ஏமாந்திருக்கிறேன்.

வயது குறைந்த பாத்திரங்கள்?

கூடாது. நாவல் தொடங்கும்போது லிடியாவுக்குப் பதினைந்து வயது. அவளைக் காமக் காட்சியில் வைக்கவே கூடாது. ‘எங்கள் பதிப்பில் அவளுக்கு இருபது’ என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, நடத்தையெல்லாம் சிறுமியாகவே வைத்திருப்பதும் ஏமாற்றுதான்.

சட்டச் சிக்கல் வருமா?

மூலநூல் பொதுவுடைமை ஆகிவிட்டதென்றால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 70 ஆண்டுகள். அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்று கணக்கு. ஹோம்ஸின் கடைசிக் கதைகள் 2023இல்தான் அங்கே விடுபட்டன. ஆஸ்டின் 1817இலும் ஹார்டி 1928இலும் மறைந்தவர்கள் என்பதால் இவர்களுக்குக் கவலையே இல்லை.

எழுத வருபவர்கள் தவறி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று மொழிபெயர்ப்பு: ஃப்ளோபேர் பொதுவுடைமைதான், ஆனால் நீங்கள் படித்த அண்மைக்கால மொழிபெயர்ப்பு அப்படியல்ல, அதன் வாக்கியங்களை எடுத்தாள முடியாது. மற்றொன்று திரைப்படம்: ஈரச் சட்டை டார்சி ஆஸ்டினுடைய சொத்தில்லை என்று மேலே சொன்னேன். 2005 படத்தில் எலிசபெத்தை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும் டார்சி கைவிரல்களை விரித்து மடக்குவதும் அப்படித்தான். மனதில் பதிந்துபோய் நாவலில் இருப்பதாகவே தோன்றும். மூலத்தைத் திறந்து சரிபாருங்கள்.

காப்புரிமை உள்ள நூலைத் தொடும்போது நீதிமன்றம் வரை போகலாம். ‘கான் வித் த விண்ட்’ நாவலை அடிமைப்பெண் ஒருத்தியின் மகளுடைய பார்வையில் ஆலிஸ் ராண்டல் 2001இல் திரும்ப எழுதினார். மூலநாவலின் உரிமைதாரர்கள் தடை வாங்கினார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது, பிறகு சமரசமானது. மூலத்தை அவர் விமர்சித்ததுதான் அவரைக் காப்பாற்றியது. ஆபாசச் சட்டம் தனி விஷயம், நாட்டுக்கு நாடு மாறும். வெளியிடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

செத்துப்போன எழுத்தாளருக்கு இது அவமரியாதை இல்லையா?

மோசமாக எழுதினால் அவமரியாதை. மூலநூல் அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது. அதன் ஓர் எழுத்தைக்கூட யாரும் அழித்துவிடவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அட்டையில் ஆஸ்டின் பெயரைப் பெரிதாகவும் சேர்த்து எழுதியவர் பெயரைச் சிறிதாகவும் போட்டு விற்கும்போது, புதிய வாசகர் எந்த வரி யாருடையது என்று தெரியாமல் போகிறார். இணை ஆசிரியராக ஆஸ்டின் ஒப்புக்கொள்ளவில்லை. தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் துணிவு எழுதியவருக்கு வேண்டும்.

மூலத்தைப் படிக்காமல் நேராக இதைப் படிக்கலாமா?

படிக்கலாம், பாதிச் சுவைதான் கிடைக்கும். குதிரைவண்டியின் திரை இறங்கியிருந்ததை அறியாதவருக்கு அதை விலக்கிக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

தமிழில் இப்படி எழுத முடியுமா? சொற்கள் இருக்கின்றனவா?

எழுத உட்கார்ந்த எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. உடம்பைப் பற்றி இன்று நம்மிடம் புழங்கும் சொற்கள் மூன்று அறைகளில் கிடக்கின்றன. ஓர் அறையில் பாடநூல் சொற்கள். படித்தால் மருத்துவமனை வாடை அடிக்கும். இன்னோர் அறையில் வசைச் சொற்கள். அவை பெண்ணை அடிப்பதற்காகவே செதுக்கப்பட்டவை, அன்பான காட்சியில் வைத்தால் காட்சி செத்துவிடும். மூன்றாவது அறையில் தாமரை, மலை, தேன், வில் என்று பழைய உவமைகள். இன்று எழுதினால் பழைய திரைப்பாட்டுப் போல ஒலிக்கிறது.

ஆனாலும் வழி இருக்கிறது. நம் மொழியின் பலம் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லில் அதிகம். முயங்குதல், தழுவுதல், நெகிழ்தல், கனிதல், துவளுதல், குழைதல், விம்முதல், அயர்தல் – இவற்றில் எதற்கும் உறுப்பின் பெயர் தேவையில்லை, எதுவும் மழுப்பலும் இல்லை. வளை நெகிழ்ந்தது என்று ஒரு வரியில் ஒருத்தியின் மொத்த உடம்பையும் சொன்ன மொழி இது. நல்ல காமக் காட்சியில் உறுப்புகளின் பட்டியல் இருக்காது. யார் முதலில் அசைந்தார்கள், யார் தயங்கினார்கள், எப்போது பேச்சு நின்றது என்பதுதான் இருக்கும். வினைச்சொற்களை நம்பினால் தமிழில் ஆங்கிலத்தைவிட நன்றாகவே எழுதலாம். பயிற்சி வேண்டும், அவ்வளவுதான்.

உரையாடலில் ஒரு கவனம். பழைய நாவலின் பாத்திரங்கள் பேசும் மரியாதைத் தொனியைப் படுக்கையில் திடீரென்று உடைத்துவிடாதீர்கள். ‘நீங்கள்’ எந்த நொடியில் ‘நீ’ ஆகிறது என்பதே ஒரு காட்சி. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த வசதி கிடையாது.

நானும் ஒன்று எழுதிப்பார்க்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

உங்களுக்குப் பிடித்த நாவலை எடுத்து, அதில் ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்ட இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். ஆஸ்டினின் ‘எம்மா’வில் நைட்லி காதலைச் சொல்லி முடித்ததும், எம்மா என்ன பதில் சொன்னாள் என்பதை ஆசிரியர் தர மறுக்கிறார், என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொன்னாள், ஒரு சீமாட்டி எப்போதும் அப்படித்தான் என்று நகர்ந்துவிடுகிறார். அது மாதிரி இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கதவு ஏன் சாத்தப்பட்டது என்று எழுதுங்கள்: தணிக்கையா, கூச்சமா, கலையா? கலை என்று எழுதிய இடங்களை விட்டுவிடுங்கள்.

மிஞ்சியதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரவை எழுதாதீர்கள். முதலில் மறுநாள் காலையை எழுதுங்கள்: யார் முதலில் எழுந்தது, யார் யாருடைய முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் யாருக்கு என்ன தெரிந்துபோயிற்று. அந்தக் காலை நான்கு பக்கம் உயிரோடு நின்றால், பிறகு திரும்பிப் போய் இரவை எழுதலாம்.